சபையில் உண்மையான ஐக்கியத்தை வளர்ப்பது எப்படி?

"ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறோம். எங்கள் சபையில் ஐக்கியம் வளர என்ன நிகழ்ச்சி வைக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிகழ்ச்சியை விடுங்கள், முதலில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போங்கள் என்பதுதான் என் பதில்.

எனக்குத் திருகோணமலை. எங்கள் சபை சிறியது. தலைமுறை தலைமுறையாக நகரத்தில் இருக்கும் குடும்பங்கள் முன் வாங்குகளில் இருப்பார்கள். 2006 சண்டையில் மூதூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து, எங்கெங்கோ அலைந்து இங்கே வந்து சேர்ந்தவர்கள் பின் வாங்குகளில். அப்படி இருக்கும்படி யாரும் சொன்னதில்லை, அதை மாற்ற யாரும் முயன்றதுமில்லை. விளையாட்டுப் போட்டி வைத்தோம், நிலாவெளிக்குச் சுற்றுலா போனோம். பஸ்ஸிலும் அதே வரிசையில்தான் ஏறி இருந்தோம்.

ஒரு வருடம் அறுப்பின் பண்டிகைக் காணிக்கை உறைகளை வீடு வீடாகக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. பின் வாங்கில் இருக்கும் ஓர் அம்மாவின் வீடு பாலையூற்றுப் பக்கம். உறையைக் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பத்தான் நினைத்தேன். அவர் வீட்டிலிருந்த ஒரே கதிரையைச் சேலைத் தலைப்பால் துடைத்து எனக்குப் போட்டார். பேரனைக் கடைக்கு அனுப்பிச் சின்னப் பால்மா பைக்கற் ஒன்று வாங்குவித்தார். "ஐயோ, எனக்காக வேண்டாம் அம்மா" என்றேன். அவருடைய முகம் வாடிவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒன்பது வருசமா கோயிலுக்கு வாறன். சபையில இருந்து எங்கட வாசலுக்கு வந்த முதல் ஆள் நீங்கதான், தங்கச்சி."

அவருடைய மகன் நடக்க முடியாமல் படுக்கையில் இருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் அந்த அம்மாவுடன் கைகுலுக்கிச் சமாதானம் சொன்ன எனக்கு அது தெரியாது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

மெதடிஸ்த சபை வரலாற்றில் இதே மாதிரி ஒரு விஷயம் உண்டு. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில், ஜெபவீடு கட்டிய கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். பதினொரு பேரிடம் வாங்குவதற்கு ஒருவர் பொறுப்பு. காசு வாங்கப் போனவர்களுக்கு அந்தந்த வீட்டுச் சண்டையும் கஷ்டமும் கண்ணில் பட்டன. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு பேராகச் சேர்ந்து, ஒவ்வொருவரையும் வாராவாரம் விசாரிக்கும் வகுப்புக் கூட்டம் என்ற ஒழுங்கு அப்படித்தான் வந்தது. என்னையும் ஒரு காணிக்கை உறைதானே அந்த வாசலுக்குக் கொண்டுபோனது?

போதகர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். லிங்கநகர், உப்புவெளி, பாலையூற்று என்று பகுதி பகுதியாகப் பிரித்து, பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கு இரண்டு பேராகப் போகத் தொடங்கினோம். ஒருவர் முன் வாங்கு, மற்றவர் பின் வாங்கு. காசு கேட்பதில்லை, புத்தி சொல்வதில்லை, ஜெபம் சுருக்கமாக. எல்லா இடத்திலும் இது சரிவந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு பகுதியில் போனவர் வீட்டுக்கு வீடு பிரசங்கம் பண்ணத் தொடங்கினார், மூன்று மாதத்தில் அது நின்றுபோனது.

போய் வருவது பாதி வேலைதான். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தங்கள் விதவைகள் தினசரிப் பந்தியில் விடுபட்டுப் போகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள் முறையிட்டார்கள். பந்தியைக் கவனிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட பக்கத்தாரின் கையிலேயே பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. எத்தனை சபைகளுக்கு இன்று அந்தத் துணிவு உண்டு?

எங்கள் சபையில் ஆராதனைக்குப் பிறகு தேநீர் கொடுப்பது நான்கு குடும்பங்களின் உரிமை மாதிரி இருந்தது. அதை எல்லோருக்கும் முறை வைத்தோம். முதலில் முணுமுணுப்பு எழுந்தது, ஒரு குடும்பம் கொஞ்சக் காலம் வராமலும் விட்டது. அந்த அம்மாவின் முறை வந்தபோது கடலை அவித்து, தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்து ஒரு பெரிய சட்டி நிறையக் கொண்டுவந்தார். வழக்கமாகக் காரில் ஏறி நேரே வீட்டுக்குப் போகிறவர்களும் அன்று நின்று சாப்பிட்டார்கள். "அக்கா, உப்பு அளவு எப்படி?" என்று முன் வாங்குப் பெண்ணொருத்தி அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரை அக்கா என்று சபைக்குள் ஒருவர் கூப்பிட்டு நான் கேட்டது அன்றுதான்.

சாதி, ஊர், படிப்பு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இவை சபைக்குள் இல்லை என்று மேடையில் சொல்வதால் இல்லாமல் போகாது. கல்யாணத்துக்கு யாரைக் கூப்பிடுகிறோம், செத்த வீட்டில் யார் அடுப்படி வரை போகிறோம் என்பதில் தெரிந்துவிடும். கொரிந்து சபையில் ஒருவர் பசியாயிருக்க இன்னொருவர் குடித்து வெறித்திருந்ததைப் பவுல் கண்டித்தது கர்த்தருடைய பந்தியைப் பற்றிப் பேசும்போதுதான்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். வருகிற ஞாயிறு, கடைசி வாங்கில் இருப்பவரிடம் வீடு எங்கே என்று கேளுங்கள். அந்தக் கிழமைக்குள் போங்கள். அவர்கள் தேத்தண்ணி வைக்க எழும்பினால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.