பல்லில் வெள்ளைக் கோடு: வார்னிஷ் பூசலாமா?

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது. மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கிறது. ஃப்ளோரைடு வார்னிஷ் பூச வேண்டும் என்கிறார் பல் டாக்டர். நாங்கள் தர்மபுரிப் பக்கம். தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடால் பல்லும் எலும்பும் கெட்டவர்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான். மூளையைப் பாதிக்கும் என்று வாட்ஸ்அப்பில் வேறு வருகிறது. பேஸ்ட்டை நிறுத்திவிட்டுக் கரித்தூளும் உப்பும் வைத்துத் தேய்த்துவிடுகிறேன். இரவில் பால் பாட்டிலோடுதான் தூங்குவாள். வார்னிஷ் பூசலாமா?

பதில்: பூசுங்கள். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதைத் தண்ணீர்க் குடத்தின் மேல் வையுங்கள். நீங்கள் பார்த்த பழுப்புப் பற்களும் வளைந்த கால்களும் போர் தண்ணீரை வருஷக்கணக்கில் தினமும் குடித்ததால் வந்தவை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கும் தண்ணீர் குடிக்க ஆகாது. வீட்டில் இப்போது குடிப்பது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரித் தண்ணீரா, போர் தண்ணீரா? போர் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துப் பரிசோதித்துவிடுங்கள். காய்ச்சினால் சரியாகாது, தண்ணீர்தான் சுண்டும், ஃப்ளோரைடு அப்படியே இருக்கும். மூளை பற்றிய ஆராய்ச்சிகளும் இப்படி அன்றாடம் உள்ளே போகும் ஃப்ளோரைடைப் பற்றியவைதான்.

வார்னிஷ் கதை வேறு. அது பல்லின் மேல் பூசும் ஃப்ளோரைடு மருந்து. இந்த வயதில் எல்லாப் பற்களுக்கும் சேர்த்துக் கால் மில்லி போதும். அதில் 6 மில்லிகிராமுக்கும் குறைவான ஃப்ளோரைடுதான் இருக்கிறது. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஆபத்து என்று நாங்கள் கவலைப்படுவது, ஒரே நேரத்தில் 60 மில்லிகிராம் போல உள்ளே போனால்தான். அதோடு, எச்சில் பட்டதும் இது பிசின் மாதிரி பல்லிலேயே இறுகிவிடும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூசுவார்கள். பிசின் வகை ஒவ்வாமையோ வாயில் புண்ணோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆன்லைனில் வாங்கி வீட்டிலேயே பூசிவிடலாம் என்று மட்டும் இறங்காதீர்கள்.

கரித்தூளை இன்றைக்கே நிறுத்துங்கள். இதைப் படிக்கும்போது எனக்குக் கோபமே வந்தது. அந்த வெள்ளைக் கோடு என்பது, ராத்திரி முழுக்கத் தங்கிய பாலைக் கிருமிகள் அமிலமாக்கி, பல்லின் கடினமான மேலோடான எனாமலுக்குள்ளிருந்து கால்சியத்தைக் கரைத்த இடம். மேல்பரப்பு மட்டும் இன்னும் உடையாமல் நிற்கிறது. எச்சிலில் இருக்கும் கால்சியம் மறுபடி அங்கே படிய ஃப்ளோரைடு துணைசெய்யும். கரித்தூளோ மிச்சமிருக்கும் அந்த மெல்லிய பரப்பைத்தான் சுரண்டுகிறது. 1000 பிபிஎம் ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்து நீங்களே தேய்த்துவிடுங்கள், துப்பவும் பழக்குங்கள். படுக்கைக்குப் பால் பாட்டில் கூடாது. நாலு நாள் அழுவாள், அப்புறம் பழகிவிடும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். வாரம் ஒருமுறை ஜன்னல் வெளிச்சத்தில் குழந்தையை மடியில் படுக்க வைத்து, மேலுதட்டைத் தூக்கி, பல்லைப் பஞ்சால் ஈரம் போகத் துடைத்துப் பாருங்கள். சுண்ணாம்பு மாதிரி மங்கலாக இருந்த கோட்டில் பளபளப்பு வந்தால் பல் தேறிவருகிறது. பழுப்பேறி, சொரசொரப்பாகி, பஞ்சின் இழை அதில் மாட்டினால் குழி விழுந்துவிட்டது. குழியை எந்த வார்னிஷும் அடைக்காது. அடுத்த வார்னிஷ் தேதி வரட்டும் என்றிருக்காமல் அந்த வாரமே கூட்டிப் போங்கள். ஈறில் சீழ்க்கொப்புளமோ கன்னத்தில் வீக்கமோ தெரிந்தால் அன்றைக்கே. ‘பால் பல்தானே, விழத்தானே போகிறது’ என்பார்கள். முன்பற்கள் விழ ஆறேழு வயதாகும். அதுவரை மூன்று நான்கு வருஷம் அவள் கடிக்க வேண்டும், சிரிக்க வேண்டும்.

வார்னிஷ் பூசிய அன்று பல் மஞ்சளாகத் தெரியலாம். பயந்துபோய்த் தேய்த்து எடுக்காதீர்கள். அன்றைக்கு இட்லி, தயிர்சாதம் மாதிரி மெத்தென்று, சூடில்லாமல் கொடுங்கள். மறுநாள் காலை பிரஷ் செய்யும்போது மஞ்சள் போய்விடும்.