சொன்னது யார், தடுத்தது யார்: இணையமும் பேச்சுரிமையும் பற்றிய கேள்வி பதில்

எழுத்தில் வந்த கேள்விகளுக்கு வந்த ஒழுங்கிலேயே விடை எழுதுகிறேன். அனுப்பியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு இடத்தை மட்டும் வைத்திருக்கிறேன். பொலிஸ் நிலையத்திலிருந்து ஏற்கெனவே அழைப்பு வந்திருப்பவர்கள் இதை வாசித்துக்கொண்டிராமல் தமது சட்டத்தரணியை நேரில் சந்திக்க வேண்டும்.

வெள்ளவத்தை: ஐயா, நான் எழுதிய அரசியல் குறிப்பை முகநூல் நீக்கிவிட்டுக் கணக்கையும் முடக்கியிருக்கிறது. பேச்சுரிமை பறிக்கப்பட்டதாக உயர் நீதிமன்றத்துக்குப் போக முடியுமா?

முகநூலுக்கு எதிராகப் போக முடியாது. இலங்கை அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பிரசைகள் ஒவ்வொருவருக்கும் பேச்சுச் சுதந்திரத்தையும் வெளியீட்டுச் சுதந்திரத்தையும் தருகிறது. ஆனால் 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மீறல் மனுத் தாக்கல் செய்வதற்கு, அந்த மீறல் ஆட்சித்துறையின் அல்லது நிருவாகத்துறையின் செயலால் நேர்ந்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு தனியார் கம்பனி தன் விதிகளின்படி உங்கள் குறிப்பை நீக்கியது அந்த வரையறைக்குள் வராது. அமெரிக்க அரசியலமைப்பின் முதலாம் திருத்தத்தைச் சிலர் எனக்கு மேற்கோள் காட்டுகிறார்கள். அதுவும் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்துகிறதே தவிரக் கம்பனியை அல்ல.

ஆனால் அந்த நீக்கம் இங்குள்ள ஓர் அரச அலுவலகம் கேட்டுக்கொண்டதால் நடந்திருந்தால் கதை வேறு. அப்போது தடுத்தது அரசு; கம்பனி வெறும் கை. ஆகவே கணக்கு முடக்கம் பற்றிக் கேட்கும் எல்லாரிடமும் நான் முதலில் கேட்பது, தடுத்தது யார் என்பதைத்தான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிய அமைச்சிடம் அதைக் கேட்கலாம். அவர்கள் தீர்மானிப்பதற்கு 14 வேலை நாட்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும், அடிப்படை உரிமை மனுவுக்கான காலக்கெடு ஒரே ஒரு மாதம் என்பதையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பதில் வரட்டும் என்று காத்திருந்து மாதத்தைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்று ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. முறைப்பாட்டுக் கடிதம் கொடுத்த பற்றுச்சீட்டு மட்டும் போதாது; விசாரணை உண்மையிலேயே நிலுவையில் இருப்பதைக் காட்ட வேண்டி வரும்.

தெஹிவளை: விபிஎன் பாவிப்பது குற்றமா?

விபிஎன் என்பது இணைய இணைப்பை வேறு வழியாகத் திருப்பி இருப்பிடத்தை மறைக்கும் கருவி. அதைப் பாவிப்பதையே குற்றமாக்கும் சட்டம் இங்கே இல்லை. அதன் வழியாகச் செய்யும் காரியம் குற்றமென்றால், விபிஎன் அதைக் குற்றமற்றதாக ஆக்கிவிடாது.

கொட்டாஞ்சேனை: எங்கள் தொடர்மாடிக் குழுவில் வந்த ஒரு குரல்பதிவை நான் இன்னொரு வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். நான் பேசவில்லை, அனுப்பியது மட்டும்தான். இப்போது பொலிஸில் முறைப்பாடு கொடுப்போம் என்கிறார்கள்.

அனுப்புவதும் வெளியிடுவதுதான். "நான் எழுதவில்லை, அனுப்பினேன்" என்பதை ஒரு கவசமாக நினைப்பவர்கள் இந்நகரத்தில் மிக அதிகம்.

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்க் கூற்றுக்களைக் குற்றமாக்குகிறது. அதன் வரைவிலக்கணத்தின்படி, கூற்றைச் செய்பவர் அது பொய்யென அறிந்தோ நம்பியோ ஏமாற்றும் எண்ணத்துடன் செய்திருக்க வேண்டும். நல்லெண்ணத்துடன் விடுக்கும் எச்சரிக்கையும் சொல்லும் கருத்தும் அதற்குள் அடங்கா. குரல்பதிவு உண்மையென நம்பி அண்டை வீட்டாரை எச்சரிக்க அனுப்பியிருந்தால் உங்களுக்கு அங்கே ஒரு விடை இருக்கிறது. இந்தச் சட்டமூலத்தை எதிர்த்து நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்கள் போனதும், பல வாசகங்களைத் திருத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்மானித்ததும், 2024 ஜனவரி 24ஆம் திகதி 108க்கு 62 என்ற வாக்குகளால் அது நிறைவேறியதும், நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்று சபாநாயகருக்கு எதிராகவே நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்து தோற்றதும் உங்களுக்கு நினைவிருக்கும். சபாநாயகர் சான்றுப்படுத்திய பின்னர் ஒரு சட்டத்தின் செல்லுபடியை நீதிமன்றம் கேள்விக்குட்படுத்த முடியாது என்பது 80(3)ஆம் உறுப்புரை. நம் அரசியலமைப்பில் எனக்கு மிகவும் கசக்கும் வரிகளில் அது ஒன்று.

ஆனால் நான் அதிகம் அஞ்சுவது இந்தப் புதிய சட்டத்தை அல்ல. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தைக் காரணம் காட்டி இயற்றிய 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, தேசிய, இன, மத வெறுப்பைப் பரப்பி வன்முறையையோ பாரபட்சத்தையோ தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. தண்டனை பத்து ஆண்டுகள் வரை போகலாம். பிணையை மேல் நீதிமன்றம் மட்டுமே கொடுக்கலாம், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலைகளில் மட்டும். சிறுபான்மையினரைக் காப்பதற்கென்று எழுதிய பிரிவு யார் மேல் பாய்ந்தது என்று பாருங்கள். கருத்தியல் போராட்டத்தைப் பேனாவாலும் விசைப்பலகையாலும் நடத்துங்கள் என்று முகநூலில் எழுதிய ரம்ஸி ராசிக் 2020 ஏப்ரலில் கைதாகி, செப்டெம்பரில்தான் பிணையில் வந்தார். அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2023 நவம்பரில். தமிழில் கவிதை எழுதிய அஹ்னாப் ஜஸீம் இன்னொரு சட்டமான பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2020 மே மாதத்தில் கைதாகி, 2021 டிசெம்பர் வரை உள்ளே இருந்தார். 2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இருவரும் வென்றார்கள். வெற்றி வருவதற்குள் கழிந்த மாதங்கள்தான் உண்மையான தண்டனை. ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: குழுவிலிருந்து அவசரப்பட்டு எதையும் அழிக்காதீர்கள், யார் அனுப்பியது, எப்போது வந்தது என்ற விபரம் உங்கள் பக்கச் சாட்சியாகலாம், ஒரு சட்டத்தரணியை இன்றே பாருங்கள்.

மருதானை: என் டிக்டொக் கணக்கை முடக்கிவிட்டார்கள். வழக்குப் போடலாமா?

முதலாம் கேள்வியின் விடை. தடுத்தது யார் என்று பாருங்கள், ஒரு மாதம்.

பம்பலப்பிட்டி: நான் வானொலியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எங்களுக்கு அலைவரிசை அனுமதி, விதிகள், பொறுப்பு எல்லாம் இருந்தன. இணையத் தளங்களுக்கு மட்டும் ஏன் ஒன்றும் இல்லை? அவையும் ஒலிபரப்புத்தானே?

இதற்காகவே இந்தக் கேள்வி பதிலை ஒப்புக்கொண்டேன் என்று சொல்லலாம், ஐயா. வானொலிக்குத் தனிக் கட்டுப்பாடு இருந்ததற்கு நீதிமன்றங்கள் சொன்ன காரணம் அலைவரிசைகள் அளவானவை, பொதுச் சொத்து என்பது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969இல் ரெட் லயன் வழக்கில் அந்தக் காரணத்தை ஏற்றது. 1997இல் ரீனோ வழக்கில் இணையத்துக்கு அது பொருந்தாது என்றது. அதே 1997இல் இங்கே ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் வந்தபோது, அலைவரிசைகள் அளவானவை என்பதை நம் உயர் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அந்த அதிகாரசபை அரசாங்கத்தின் பிடியிலிருந்து சுதந்திரமாக அமைக்கப்படவில்லை என்று சட்டமூலத்தை நிறுத்தியது. ஆக, விதி இருக்கலாமா என்பதைவிட விதியை யார் கையில் கொடுக்கிறோம் என்பதே நமக்குப் பெரிய கேள்வி.

உங்கள் துறையிலிருந்தே இன்னொரு தீர்ப்பு. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்றைத் திடீரென நிறுத்தியபோது, அதில் பங்கெடுத்துவந்த ஒரு நேயர் வழக்குப் போட்டார். பங்கெடுக்கும் நேயரின் பேச்சுரிமை மீறப்பட்டது என்று நீதியரசர் மார்க் பெர்னாண்டோ 1996இல் எழுதினார். நிலையத்தின் உரிமையோடு நிற்காமல், பேச வந்த மனிதரின் உரிமையைத் தனியே எடுத்துப் பார்த்தது அந்தத் தீர்ப்பு. இன்றைய நேரலைகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் அதைத்தான் முதலில் எடுக்கிறேன். ஆனால் அங்கே எதிர்மனுதாரர் அரச நிறுவனம் என்பதை மறக்கக் கூடாது.

பம்பலப்பிட்டி (மீண்டும்): அலைவரிசை வாதம் பழையது. அம்பாறையில் 2018இல் என்ன நடந்தது? ஒரு கடையின் உணவுக்குள் கருத்தடை மாத்திரை என்று ஒரு வதந்தி. அதை ஒருவர் சொன்னார். இலட்சம் பேரின் திரைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தது யார்? நாங்கள் ஒரு செய்தியை முதலில் வாசித்தால் அதற்கு ஆசிரியர் பொறுப்பு. அவர்களுடைய இயந்திரம் வரிசைப்படுத்தினால் மட்டும் பொறுப்பில்லையா?

இதில் நியாயம் இருக்கிறது. தனக்குப் புரியாத மொழியில் மற்றவர்கள் கேட்ட கேள்விக்கு அந்தக் கடைக்காரர் தலையாட்டிய காணொளியே ஒப்புதல் வாக்குமூலமாகப் பரவியது. முஸ்லிம்களுக்கு எதிரான கண்டி, திகன வன்முறைகள் அதற்குச் சில நாட்களுக்குப் பின் வந்தவை. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் 2020இல் மன்னிப்பும் கேட்டது. வரிசைப்படுத்துவது ஆசிரியத் தொழிலை ஒத்தது என்ற உங்கள் கருத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் நெட்சொய்ஸ் வழக்கில் பெருமளவு ஏற்றிருக்கிறது. ஆனால் அங்கிருந்து அது போன திசை உங்களுக்குப் பிடிக்காது: ஆசிரியத் தொழில் என்பதால் அதற்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்றது. ஆசிரியர் என்றால் பொறுப்பு என்கிறீர்கள் நீங்கள். ஆசிரியர் என்றால் சுதந்திரம் என்கிறார்கள் அவர்கள். இரண்டையும் ஒன்றாகச் சுமத்தியது பத்திரிகைச் சட்டம். தளங்களுக்கு அமெரிக்காவில் 1996இன் தொடர்பாடல் ஒழுக்கச் சட்டத்தின் 230ஆம் பிரிவு பொறுப்பின் பெரும்பகுதியை இறக்கிவிட்டது.

புதுக்கடை, சட்டக் கல்லூரி மாணவி: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், சேர். அப்படியென்றால் 2022 ஏப்ரல் 3ஆம் திகதி சமூக ஊடகங்களை முடக்கியது சரியா?

சரியல்ல, மகள். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் வன்முறை என்ற காரணமாவது சொல்லப்பட்டது. 2022இல் மக்கள் வீதிக்கு வரப்போவதுதான் காரணம். பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளில் ஏறத்தாழ 15 மணிநேரம் தளங்கள் நின்றன. அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே விபிஎன் இருக்கும்போது இது பயனற்ற வேலை என்றார். 15ஆம் உறுப்புரையின்படி பேச்சுரிமையைச் சட்டத்தால் மட்டுமே கட்டுப்படுத்தலாம். ஒரு தொலைபேசி அழைப்பு சட்டமல்ல. பரீட்சைக்கு எழுதுவதென்றால், சுவரொட்டிக்குப் பொலிஸ் அனுமதி கேட்ட அவசரகால ஒழுங்குவிதியை வீழ்த்திய ஜோசப் பெரேரா வழக்கிலிருந்து தொடங்குங்கள். இந்தியாவின் ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பையும் (2015) சேர்த்து வாசியுங்கள். தெளிவில்லாத சொற்களால் எழுதிய, இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு எப்படி விழுந்தது என்று அதில் தெரியும்.

வத்தளை: என் தங்கையின் படத்தைச் செயற்கை நுண்ணறிவால் நிர்வாணப் படமாக்கி யாரோ பரப்புகிறார்கள். இதுவும் பேச்சுரிமை என்று ஒருவன் வாதிடுகிறான்.

அவனோடு வாதிடுவதை நிறுத்துங்கள். சாட்சிக்காக என்று அந்தப் படத்தை உறவினருக்கும் எனக்கும் யாருக்கும் அனுப்பாதீர்கள். தங்கை 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் அந்தப் படத்தை வைத்திருப்பதும் அனுப்புவதும் தனிக் குற்றங்கள். இணைப்பு முகவரி, கணக்கின் பெயர், திகதி, நேரம் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவில் முறைப்பாடு செய்யுங்கள். ஸ்டொப்என்சிஐஐ (StopNCII) என்ற சேவை, படத்தை வாங்காமல் அதன் எண்முறை அடையாளத்தை மட்டும் எடுத்துப் பெரிய தளங்களில் தடுக்க உதவும், அது பெரியவர்களுக்கானது. ஆலோசனைக்குப் பெண்கள் உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929.

கிராண்ட்பாஸ்: அனுப்பியது மட்டும்தான், நான் எழுதவில்லை...

கொட்டாஞ்சேனைக்கு எழுதியதை வாசியுங்கள். அனுப்புவதும் வெளியிடுவதுதான்.

புறக்கோட்டை: எங்கள் கடை கலப்படம் செய்கிறது என்று கூகுளில் ஒருவர் விமர்சனம் எழுதியிருக்கிறார். அவரைப் பொலிஸில் பிடித்துக்கொடுக்க முடியுமா?

முடியாது. குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டுவிட்டது. மாவட்ட நீதிமன்றத்தில் மானநட்ட வழக்குப் போடலாம், காலம் இரண்டு ஆண்டுகள். நீங்கள் இணைத்திருக்கும் திரைப்பிரதியைப் பார்த்தேன். மேல்பகுதியை வெட்டிவிட்டீர்கள், முகவரி வரி இல்லை. திகதி இருக்க வேண்டிய இடத்தில் "3 வாரங்களுக்கு முன்" என்று இருக்கிறது. எந்த நாளிலிருந்து எண்ணிய மூன்று வாரம்? இந்தக் காகிதத்தோடு போனால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அரை நிமிடத்தில் உங்களை உட்கார வைத்துவிடுவார். முழுத் திரையையும் முகவரியோடு, எடுத்த நாள் தெரியும்படி எடுத்து வையுங்கள். அதற்கு முன் அந்த விமர்சனம் உண்மையா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பொதுநலனுக்காகச் சொன்ன உண்மை அவருக்கு நல்ல எதிர்வாதம்.

ரொறொன்ரோ: நான் கனடியப் பிரசை, பிறந்தது கொழும்பில். இங்கிருந்து எழுதுவதற்கு 14ஆம் உறுப்புரை என்னைக் காக்குமா?

இலங்கைப் பிரசாவுரிமையை விட்டுவிட்டீர்கள் என்றால் காக்காது. அது பிரசைகளுக்கான உரிமை. ஆனால் 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் வெளிநாட்டில் இருந்து செய்வதையும் பிடிக்கும்.

பம்பலப்பிட்டி (மூன்றாவது தடவை): அப்படியென்றால் உங்கள் முடிவு என்ன? தளங்களை அப்படியே விட்டுவிடுவதா?

அப்படிச் சொல்லவில்லை, ஐயா. ஒருவர் சொன்ன சொல்லுக்கும், அதைப் பெருக்கிக் காட்டிய இயந்திரத்துக்கும் வேறுவேறு சட்டம் வேண்டும். இரண்டாவதில் அரசு தலையிடலாம்: எந்த அடிப்படையில் பெருக்குகிறீர்கள், சிங்களமும் தமிழும் தெரிந்த எத்தனை பேர் முறைப்பாடுகளைப் பார்க்கிறார்கள் என்று கேட்டு விடை வாங்கலாம். நிகழ்நிலைக் காப்புச் சட்டம் செய்தது நேர்மாறு. இயந்திரத்தை ஏறத்தாழத் தொடாமல் விட்டுவிட்டு, எந்தக் கூற்று பொய் என்று பார்க்கும் வேலையை ஜனாதிபதி நியமிக்கும் ஐவரின் ஆணைக்குழுவிடம் கொடுத்தது. நியமனத்துக்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும் என்பது ஆறுதல்தான்; 1997இல் நம் உயர் நீதிமன்றம் வைத்த அளவுகோலுக்கு அது போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம் தீரவில்லை.

தெமட்டகொடை: முகநூல் குறிப்புக்காக வாக்குமூலம் எடுத்தார்கள். சிங்களத்தில் எழுதிய தாளில் ஒப்பமிடச் சொன்னார்கள். இட்டுவிட்டேன்.

என்றைக்கு? அதுதான் முதலில் வேண்டும், உங்களுக்கும் ஒரு மாதக் கணக்கு ஓடுகிறது. வாக்குமூலத்தின் பிரதியைச் சட்டத்தரணி மூலம் கேளுங்கள், அதைத் தமிழில் முழுமையாக வாசிக்கச் செய்யுங்கள். மறுபடி அழைத்தால் தமிழில் பதியும்படி கேளுங்கள், தனியே போகாதீர்கள், விளங்காத தாளில் ஒப்பமிடாதீர்கள்.