ஷாஃப்ட்டை ஆட்டிப் பார்த்தீர்களா?

கேள்வி: என்னுடையது 1966 எம்ஜிபி கார். சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் லூகாஸ் 25டி4. அதற்குள் திறந்து மூடித் தீப்பொறி விழவைக்கும் சி.பி. பாயிண்ட்டில் கேப் (இடைவெளி) வைத்துக் கை ஓய்ந்துவிட்டது. வைத்த ஒரே வாரத்தில் ஐடில் மறுபடி தடுமாறுகிறது. எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போட்டால் தொல்லை விட்டது என்கிறார்கள். போடலாமா?

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் கிட் டப்பாவைப் பிரிக்கும் முன் ஒரு காரியம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்து, ரோட்டரை உருவிவிட்டு, ஷாஃப்ட்டின் தலையை இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். திருகினால் கொஞ்சம் சுழன்று, ஸ்பிரிங் இழுத்துத் தானாகத் திரும்ப வேண்டும். அது உள்ளே இருக்கும் வெயிட்டுகளின் வேலை. அடுத்து பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். டக் டக் என்று விரலுக்கு ஆட்டம் தெரிந்தால் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் போய்விட்டது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் ஆடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பாயிண்ட் கேப் 0.35 முதல் 0.40 மி.மீ. நீங்கள் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) விட்டுப் பார்ப்பது, ஷாஃப்ட்டோடு சுற்றிப் பாயிண்ட்டைத் திறக்கும் கேமின் ஒரே ஒரு முனையில். ஷாஃப்ட் ஆடினால் அடுத்த முனையில் கேப் வேறு, அதற்கடுத்ததில் இன்னும் வேறு. ஆக ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறி ஒவ்வொரு நேரத்தில் விழும். ஷாஃப்ட் சுற்றுவது என்ஜின் வேகத்தில் பாதி என்பதால், அங்கே ஒரு டிகிரி பிசகினால் கிராங்கில் இரண்டு டிகிரி பிசகும். டைமிங் லைட் அடித்துப் பாருங்கள். புல்லியில் இருக்கும் குறி ஒரே இடத்தில் நிற்காமல் கூத்தாடும்.

ஒரே வாரத்தில் கேப் சுருங்குகிறது என்றால் இன்னொரு சந்தேகமும் உண்டு. கேமில் கிரீஸ் தடவுகிறீர்களா? காய்ந்த கேம் தன்மேல் உரசும் பாயிண்ட்டின் குதிகாலைத் தேய்த்துத் தின்றுவிடும். கேப் குறையக் குறைய டைமிங்கும் பின்னால் போகும். தீக்குச்சி நுனியில் வரும் அளவு கிரீஸ் போதும். தாராளமாக அப்பினால் அது பாயிண்ட்டில் தெறித்துக் கருகும்.

சரி, கிட் என்ன செய்யும்? பாயிண்ட்டும் கண்டென்சரும் போய், ஷாஃப்ட்டில் ஒரு காந்த வளையமும், பக்கத்தில் காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சாரும் வரும். உரசுவதற்கு எதுவும் இல்லை, அதனால் கேப் வைக்கும் வேலையும் இல்லை. ஷாஃப்ட்டின் ஆட்டமும் பாயிண்ட்டில் தெரிந்த அளவுக்கு இதில் தெரியாது. எனக்குப் பிடிக்காததே அதுதான். நோய் அப்படியே இருக்க, வலி மட்டும் போய்விடும். ஆட்டம் இன்னும் வளர்ந்தால் வளையம் சென்சாரில் இடிக்கும். புஷ்ஷை மாற்றிவிட்டுக் கிட் போடுங்கள். புது புஷ்ஷை 24 மணி நேரம் என்ஜின் ஆயிலில் ஊறப்போட்டுப் பிறகு இறக்குங்கள். ரீமர் (துளையைக் குடையும் கருவி) போடக் கூடாது; எண்ணெய் குடிக்கும் துளைகள் அடைந்துவிடும்.

எல்லாம் பிரித்திருக்கும்போதே கீழே இருக்கும் வெயிட்டுகளைக் கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வேகம் கூடக் கூடத் தீப்பொறியை முன்கூட்டி விழவைக்கும் அட்வான்ஸைக் கொடுப்பது அவைதான். எந்தக் கிட்டும் அந்த வேலையைச் செய்யாது. இறுகிக் கிடந்தால் வண்டி மேட்டில் மூச்சு வாங்கும். இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று தொளதொளவென்று இருக்கும். அது தயாரிப்பே அப்படித்தான். கொறடு எடுத்து அதைச் 'சரி' செய்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இப்போது என் கதை. ஒரு வண்டிக்கு நானே கிட் மாட்டினேன். ஸ்டார்ட் ஆனது, ஐடில் கடிகாரம் போல. ரோட்டில் ஒரே வேகத்தில் போனால் மட்டும் பட்டென்று நிற்கும். ஓரம் கட்டிச் சாவி போட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். சென்சாரை மாற்றினேன், காயிலை மாற்றினேன். இரண்டு நாள் போனது. கடைசியில் மூடியைத் திறந்து வைத்து, என்ஜினின் உறிஞ்சலை டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொண்டுவரும் வாக்கும் குழாயை வாயால் உறிஞ்சினேன். சென்சார் உட்கார்ந்திருக்கும் பேஸ் பிளேட் நகர்ந்தது. நகரும்போது, பிளேட்டை பாடியோடு சேர்க்கும் அந்தத் துணி சுற்றிய குட்டி எர்த் ஒயர் இழுபட்டது. துணி முழுசாக இருந்தது, உள்ளே செம்பு இழை அறுந்திருந்தது. வாக்கும் இழுக்கும்போதெல்லாம் எர்த் விட்டுப்போக, சென்சார் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிட் மாட்டும்போதே அந்த ஒயரைப் புதிதாகச் சால்டர் வைத்துவிடுகிறேன்.

உங்களுக்கு இதைவிட முக்கியமானது ஒன்று: எம்ஜிபி 1967 வரை பாசிட்டிவ் எர்த். பேட்டரியைப் பாருங்கள்; யாராவது இடையில் மாற்றியிருக்கலாம். பாசிட்டிவ் முனைதான் இன்னும் பாடியில் இருக்கிறதென்றால், அதற்கென்று வரும் கிட்டையே கேட்டு வாங்குங்கள். மாற்றிக் கொடுத்தால் சென்சார் ஒரு நொடி தாங்காது.

காயிலின் பிரைமரியை (பேட்டரி மின்சாரம் பாயும் சுற்றை) மீட்டர் வைத்து அளந்துவிடுங்கள். 3 ஓம் என்றால் சுமார் 4 ஆம்பியர் இழுக்கும், 1.5 ஓம் என்றால் 8. உங்கள் கிட் எத்தனை ஓமுக்குக் கீழே தாங்காது என்பது அதனோடு வரும் தாளில் இருக்கும். எதற்கும் செம்பு இழை ஒயர்களை எடுத்துவிட்டுக் கார்பன் இழை பிளக் ஒயர் போடுங்கள். முடித்ததும் டைமிங்கை லைட் அடித்து மறுபடி வைக்க வேண்டும். பழைய குறியிலேயே நிற்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எலெக்ட்ரானிக் போட்டால் பிக்கப் கூடுமா?

பதில்: தேய்ந்த பாயிண்ட்டிலிருந்து மாறினால் கூடியது போலத் தெரியும், அது விட்டுப்போனது திரும்பி வந்தது. 3,000 ஆர்பிஎம்மில் நாலு சிலிண்டர் வண்டியின் பாயிண்ட் நொடிக்கு 100 முறை திறந்து மூடுகிறது. ஒழுங்காக வைத்த பாயிண்ட் அதைச் சிரமமில்லாமல் செய்யும். 1910 காடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங் கொடுத்த ஏற்பாடு இது. அப்புறம் பல பத்தாண்டு உலகமே இதில்தான் ஓடியது. கிட்டில் உங்களுக்கு லாபம், இன்று வைத்தது ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருக்கும் என்பது.

கேள்வி: வழியில் கிட் போய்விட்டால்?

பதில்: பாயிண்ட் சொல்லிவிட்டுச் சாகும்; இருமும், திணறும், வீடு வரை இழுத்து வரும். சென்சார் சொல்லாமல் போகும். கழற்றிய பாயிண்ட்டை பிளேட்டோடு, கேப் வைத்தபடியே, கண்டென்சரும் ஒரு ஃபீலர் கேஜும் சேர்த்துத் துணியில் சுற்றி டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வையுங்கள். கூடவே சரியான அளவு ஸ்க்ரூ டிரைவர். பிளேட்டின் அந்தக் குட்டி ஸ்க்ரூ இருட்டில் என்ஜினுக்குள் விழுந்தால் தேடி எடுக்க முடியாது, அதனால் இரண்டு ஸ்க்ரூவும் கூடுதலாக.