200 மைலுக்கு அந்தப் பக்கம்

கே: சர்வதேசக் கடலில் உயிரினங்களைக் காக்க ஒப்பந்தம் வந்திருக்கிறதாமே! நம்ம பாம்பன் விசைப்படகுகளுக்குச் சிக்கல் வருமா?
– வாசகர், தங்கச்சிமடம்

ப: வராது, பயப்படாதீங்க. அது கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலுக்கானது. பாக் நீரிணையில் அப்படி ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. 1974, 1976 ஒப்பந்தங்களிலேயே இந்தியாவும் இலங்கையும் எல்லை போட்டுவிட்டன. (நம்ம தலைவலியே அந்தக் கோடுதான், அது வேறு கதை!)

2023இல் ஐ.நா.வில் ஏற்கப்பட்ட ஒப்பந்தம் இது. 60 நாடுகள் உறுதிசெய்ததும், 2026 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2024இல் கையெழுத்திட்டது. இனி நடுக்கடலிலும் காப்பகங்கள் அறிவிக்கலாம். இதுவரை அதற்குப் பொதுவான வழியே இல்லை.

வேண்டியதுதான் என்பேன். போன மாசியில் அரியமான் கரையில் ஒதுங்கிய பங்குனி ஆமையின் (ஆலிவ் ரிட்லி கடலாமை) முன்துடுப்பில் பச்சை நைலான் நூல் எலும்புவரை இறங்கியிருந்தது. அந்த மாதிரி நூலில் நம்ம ஆட்கள் வலை கட்டுவதில்லை. எங்கே மாட்டியதோ!

கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் சொல்லி வையுங்கள். சூரைக்கும் சுறாவுக்கும் அவ்வளவு தூரம் போகிறவர்கள் அவர்கள்தான். காப்பகம் எங்கே வருகிறது என்று விசாரித்துக்கொள்ளட்டும்.