கணினி கேள்வி-பதில்: பெயரை அடித்தால் எரர் வருவது ஏன்?

கேள்வி: கன்னியாகுமரியில் சின்ன லாட்ஜ் நடத்துகிறேன். எங்கள் வெப்சைட்டில் டி'குரூஸ் என்ற பெயரில் ரூம் புக் செய்தால் மட்டும் ஆங்கிலத்தில் நீளமாக எரர் வருகிறது. சைட் செய்து தந்த தம்பி, "அந்தக் குறி இல்லாம அடிக்கச் சொல்லுங்க, சரியாயிரும்" என்கிறார். விட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், கன்னியாகுமரி

பதில்: விடவே கூடாது. நம் கடற்கரை ஊர்களில் டி'குரூஸ் புதுப்பெயரா என்ன? பெயரில் ஒரு குறையும் இல்லை.

எரரில் 'எஸ்க்யூஎல் சின்டாக்ஸ்' (எஸ்க்யூஎல் என்பது டேட்டாபேஸுக்குக் கட்டளையிடும் மொழி) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், ஃபார்மில் அடிப்பது அப்படியே டேட்டாபேஸ் கட்டளையோடு ஒட்டிக்கொண்டு போகிறது. பெயர் எங்கே முடிகிறது என்பதை டேட்டாபேஸ் டி'குரூஸில் உள்ள அதே ஒற்றைக் குறியை (') வைத்துத்தான் அறியும். 'டி'யோடு பெயர் முடிந்தது என்று எண்ணி, 'குரூஸ்' என்பதைக் கட்டளையாகப் படிக்கப் பார்த்துத் திணறுகிறது. விவரம் தெரிந்த திருடன் அந்த இடத்தில் தன் கட்டளையையே எழுதுவான். தங்கியவர்களின் போன் நம்பர், ஆதார் எண், அட்மின் பாஸ்வேர்டு எல்லாம் அவன் கைக்குப் போகும். இதுதான் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன். 2015-ல் பிரிட்டனின் டாக்டாக் தொலைபேசி நிறுவனத்தில் 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரம் இந்த வழியாகத்தான் போனது. அபராதம் 4 லட்சம் பவுண்டு.

குறியைத் தடுத்தால் தீராது. ரூம் எண் போல வெறும் எண் வாங்கும் இடத்தில் குறியே இல்லாமலும் கட்டளையை நுழைக்கலாம். தம்பியிடம் 'பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்' போடச் சொல்லுங்கள். சைட் பிஎச்பி மொழியில் எழுதியது என்றால், டேட்டாபேஸோடு பேச அதில் உள்ள பிடிஓ-விலேயே இந்த வசதி இருக்கிறது. பெயர் வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறி வைத்துக் கட்டளை முதலில் போகும், பெயர் தனியாகப் போகும். பிறகு யார் எதை அடித்தாலும் அது வெறும் எழுத்துதான். புக்கிங் ஃபார்மோடு நிறுத்திவிடாமல் லாகின், தேடல் பெட்டி எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும். எரரை வாடிக்கையாளருக்குக் காட்டாமல் லாகில் (சர்வரின் பதிவேட்டில்) எழுதட்டும். சைட் டேட்டாபேஸுக்குள் எல்லா உரிமையும் உள்ள ரூட் யூசராக நுழைவதையும் நிறுத்துங்கள். டேபிளையே அழிக்கும் உரிமை புக்கிங் பக்கத்துக்கு எதற்கு?

ஏற்கெனவே யாராவது புகுந்தார்களா என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. ஹோஸ்டிங்கில் ஆக்சஸ் லாகை (சைட்டுக்கு வந்த கோரிக்கைகளின் பதிவை) எடுத்து, %27 (முகவரியில் ஒற்றைக் குறி இப்படித்தான் பதிவாகும்), திருடர்கள் நுழைக்கும் 'யூனியன் செலக்ட்', 'ஸ்லீப்' கட்டளைகள் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். ஃபார்மில் போஸ்ட் முறையில் (முகவரியில் சேராமல் தனியாக) அனுப்பிய எழுத்துகள் பொதுவாக அதில் பதிவாகாது. அதனால் ஒன்றும் கிடைக்காவிட்டாலும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். கிடைத்தால், லாகைப் பிரதி எடுத்துவிட்டு எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்புப் பிரிவான செர்ட்-இன் அமைப்புக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் உள்ள விதி. சபரிமலை சீசன் கூட்டம் வருமுன் இதை முடித்துவிடுங்கள். அதுவரை புக்கிங்கைப் போனிலேயே வாங்குங்கள்.