வீட்டிலேயே எளிய கைக்கருவிகளை வைத்து வெள்ளியில் அச்சு குத்தி நகை செய்ய முடியுமா? எந்த அச்சு செட் வாங்கலாம்?

தாராளமாக முடியும். நகை வேலையை வீட்டில் தொடங்க இதைவிடத் தோதான வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் செட் எதுவும் வாங்காதீர்கள். அச்சு என்பது முனையில் வடிவம் வெட்டிய இரும்புக் குச்சிதான், தகட்டில் வைத்து அடித்தால் அந்த வடிவம் பதியும். ஒரு பிறை, ஒரு முக்கோணம், ஒரு புள்ளி என மூன்று அச்சுகளை நீங்களே செய்துகொள்ளுங்கள்.

அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் நவஹோ மக்கள் 19ஆம் நூற்றாண்டில் மெக்சிகோ கொல்லர்களிடம் உலோக வேலை கற்றார்கள். தோலில் பூ வேலை செய்யும் அச்சுகளைப் பார்த்து, பழைய அரங்களையும் இரும்புத் துண்டுகளையும் ராவி வெள்ளிக்கு அச்சு செய்துகொண்டார்கள். நாணயங்களை உருக்கித் தட்டினால் தகடு, தண்டவாளத் துண்டு கிடைத்தால் பட்டறைக்கல். அவர்களுடைய காப்பு ஒன்றை உற்றுப் பாருங்கள். ஒரே பிறையை எதிரெதிராகக் குத்தினால் பூவிதழ், வரிசையாகக் குத்தினால் அலை. இது பிடிபட்டுவிட்டால் நூறு அச்சு வாங்கத் தோன்றாது.

அச்சுக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கறுப்பு கான்கிரீட் ஆணி போதும். முலாம் பூசியது வேண்டாம், காய்ச்சும்போது வரும் புகை உடம்புக்கு ஆகாது. ஆணியைச் சிவக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் அரத்துக்கு இணங்கும். முனையைத் தட்டையாக்கி, முக்கோண அரத்தால் வடிவத்தை வெட்டுங்கள். பிறகு காந்தம் ஒட்டாத அளவுக்கு முனையை மறுபடி சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்குங்கள். இந்த நிலையில் அது கண்ணாடி மாதிரி, அடித்தால் சில்லு தெறிக்கும். அதனால் முனையைப் பளபளக்கத் தேய்த்துவிட்டு, தலைப்பக்கத்திலிருந்து சூடு காட்டுங்கள். முனையில் வைக்கோல் மஞ்சள் நிறம் ஏறியதும் தண்ணீரில் போட்டுவிடுங்கள். சுத்தியல் படும் தலைப்பக்கம் கடினமாக இருக்கவே கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் எதையும் அடிக்காதீர்கள்.

வெள்ளிக்கு வருவோம். சுத்த வெள்ளி மிருதுவானது, மோதிரமோ காப்போ சீக்கிரம் நெளிந்துவிடும். 92.5 சதவீதம் வெள்ளியும் மீதி செம்பும் கலந்த 925 தகடு நல்லது. டாலருக்கு 1 மி.மீ. கனம், காப்புக்கு 1.5 மி.மீ. பழகுவதற்கு முதலில் செம்புத் தகடு எடுங்கள்.

அடிக்க அடிக்க வெள்ளி இறுகும், அதை இளக்கியாக வேண்டும். இந்த வேலையின் உயிரே இங்கேதான். தகட்டின் மேல் பெர்மனென்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தீச்செங்கல் மேல் வைத்து, சின்ன பியூட்டேன் டார்ச்சால் சுற்றிச் சுற்றிச் சூடு காட்டுங்கள். விளக்கை அணைத்துவிட்டுச் செய்தால் நிறம் தெரியும். கோடு மறைந்து லேசான சிவப்பு தட்டியதும் நிறுத்துங்கள், ஏறக்குறைய 650 டிகிரி செல்சியஸ். 800ஐ நெருங்கினால் 925 உருகத் தொடங்கிவிடும். சிவப்பு அடங்கியதும் தண்ணீரில் போட்டு, கறுப்பு போக வெதுவெதுப்பான சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவிடுங்கள். நம் பத்தர்கள் புளித்தண்ணீரில் செய்வதும் இதே வேலைதான். இரும்புக் குறடை அதற்குள் விடாதீர்கள், வெள்ளி மேல் செம்பு படியும். மரக்குச்சியால் எடுங்கள்.

குத்தும்போது அடியில் கனமான, தட்டையான இரும்புக் கட்டை வேண்டும். பழைய இரும்புக் கடையில் கேளுங்கள். தண்டவாளத் துண்டு மட்டும் வேண்டாம், நம் நாட்டில் ரயில்வே சொத்தை அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். கட்டையை மேசையின் நடுவில் வைக்காமல் கால் இருக்கும் இடத்துக்கு மேலே வையுங்கள், இல்லையென்றால் அடியின் பலம் பாதி வீணாகும். அச்சு செங்குத்தாக நிற்கட்டும், கண் அதன் முனையில் இருக்கட்டும், அரைக் கிலோ சுத்தியலால் ஒரே அடி. இரண்டாவது அடி அடித்தால் பெரும்பாலும் வடிவம் நிழல்போல இரட்டையாக விழும். தகடு வளைந்தால் கவிழ்த்துப் போட்டு மரச்சுத்தியால் தட்டுங்கள்.

அச்சு குத்தும்போது வெள்ளி விரியும், ஓரம் பிதுங்கும். ஆகவே முதலில் குத்திவிட்டு, அப்புறம் வெட்டி ராவுங்கள். காப்பை வளைப்பதும் அதற்குப் பிறகுதான்.

பள்ளங்கள் கறுப்பாகத் தெரிய வேண்டுமானால், சூடான அவித்த முட்டையை உடைத்து, மூடிய டப்பாவில் நகையோடு வையுங்கள். முட்டையிலிருந்து வரும் கந்தக வாயு வெள்ளியைக் கறுக்கவைக்கும். மேடுகளை மட்டும் தேய்த்துவிட்டால் வேலைப்பாடு எடுப்பாகத் தெரியும்.

மூடிய மோதிரத்தின் முனைகளை இணைக்கப் பொடி வைத்து ஊத, அதாவது சூட்டில் பற்றவைக்கத் தெரிய வேண்டும். திறந்த காப்புக்கும் துளை போட்ட டாலருக்கும் அது தேவையில்லை. முதலில் அவற்றைச் செய்யுங்கள்.