அம்மாவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று: சிப்பாயின் கடிதத்தில் எதை நம்புவது?

கேள்வி: ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கிறேன். எங்கள் ஊர் நூலகத்தில் தன்னார்வலராக உதவி செய்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) வடக்குப் படையில் சாதாரண சிப்பாயாக இருந்த ஒருவர் வீட்டுக்கு எழுதிய கடிதக்கட்டு ஒன்றை அவர் குடும்பத்தார் நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். படித்துத் தட்டச்சு செய்வது என் பொறுப்பு. கையெழுத்து தகராறு, எழுத்துப்பிழை ஏராளம், பாதிக் கடிதங்களில் வருஷமே இல்லை. அம்மாவுக்கு எழுதியதில் சௌக்கியம் என்கிறார்; அதே வாரம் தம்பிக்கு எழுதியதில் காய்ச்சலில் கிடந்தேன் என்கிறார். இதில் எதை நம்புவது?

பதில்: இரண்டையுமே நம்பலாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் தாளைக் காப்பாற்றுவோம்.

கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். கையுறை வேண்டாம், கழுவி ஈரம் போன கை போதும். பக்கத்தில் பேனா வைக்காமல் பென்சிலால் குறிப்பெடுங்கள். பென்சிலில் எழுதிய கடிதம் மங்கியிருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்துப் படமெடுங்கள். அழுந்திய கோடுகள் எழும்பித் தெரியும். அஞ்சல் உறைகளை எறிய வேண்டாம், தபால்தலையை வெட்டி எடுக்கவும் விடாதீர்கள். அன்று தபால் கட்டணம் 3 சென்ட். தபால்தலை இல்லாத சிப்பாய், உறையின் மேல் அதிகாரி ஒருவரின் கையொப்பம் வாங்கி அனுப்பலாம். பெறுபவர் காசு கொடுத்து வாங்க வேண்டும். உங்கள் கடிதக்கட்டில் அப்படிப்பட்ட உறைகள் வரிசையாக வந்தால், அந்த மாதங்களில் அவர் கையில் காசு இல்லை என்று சந்தேகிக்கலாம். மாதச் சம்பளம் 13 டாலர்தான் (1864 நடுவில் 16 ஆயிற்று), அதுவும் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். அதனால்தான் இந்தக் கடிதங்களில் சம்பளப் பேச்சு ஓயவே ஓயாது.

இனி படிப்பது. கண்ணால் படித்துப் புரியாத வரியை வாய்விட்டுப் படியுங்கள். பேசியபடியே எழுதியவர்கள் அவர்கள். காதில் விழுந்ததும் பாதி எழுத்துப்பிழை தானாகத் தெளியும். இரட்டை எஸ் வரும் சொற்களில் முதல் எஸ் நீண்டு எஃப் போலத் தெரியலாம். ‘மிஸ்’ என்பதை ‘மிஃப்ஸ்’ என்று படித்துக் குழம்பாதீர்கள். தேதியோடு ‘இன்ஸ்ட்’ என்றிருந்தால் இந்த மாதம், ‘அல்ட்’ என்றால் போன மாதம். பிழையைத் திருத்தாமல் உள்ளபடியே தட்டச்சு செய்யுங்கள். உங்கள் ஊகத்தைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். கறுப்பின மக்களைப் பற்றிய வசைச் சொற்கள் வரக்கூடும். அவற்றையும் மாற்றாதீர்கள். அடிமை முறையை முன்னிட்டு நடந்த போரில் ஒரு வடக்கத்திச் சிப்பாய் என்ன நினைத்தார், 1863 ஜனவரி 1-இன் அடிமை விடுதலைப் பிரகடனத்துக்குப் பிறகு அந்த நினைப்பு மாறியதா என்பதற்கு அந்தச் சொற்களே சாட்சி. வாசகர்களுக்கு ஒரு முன்னறிவிப்பு வைத்தால் போதும்.

வருஷம் இல்லையா? அந்தக் கால அஞ்சல் முத்திரையிலும் பெரும்பாலும் வருஷம் இருக்காது. ஆனால் கிழமை எழுதியிருந்தால் பிரச்சினை தீர்ந்தது. ‘ஞாயிறு, பிப்ரவரி 8’ என்றிருந்தால் அது 1863 மட்டுமே. போர் நடந்த மற்ற வருஷங்களில் அந்தத் தேதி ஞாயிறில் விழவில்லை. ஜனவரிக் கடிதத்தில் வருஷம் இருந்தாலும் ஒருமுறை சரிபாருங்கள். பழக்க தோஷத்தில் போன வருஷத்தை எழுதிவிடுவார்கள். ஊர்ப்பெயரிலும் கவனம் வேண்டும். வடக்கில் ஓடையின் பெயரால் புல் ரன் என்றும் ஆன்டீட்டம் என்றும் சொன்ன போர்களைத் தெற்கில் ஊர்ப்பெயரால் மனாசஸ் என்றும் ஷார்ப்ஸ்பர்க் என்றும் சொன்னார்கள்.

சரி, உங்கள் முக்கியமான கேள்விக்கு வருவோம். முதல் உலகப் போரில் சிப்பாய்களின் கடிதங்களை அதிகாரிகள் படித்து வெட்டினார்கள். இந்தப் போரில் சாதாரணச் சிப்பாயின் கடிதத்துக்கு அப்படி ஒரு தணிக்கை இல்லை; கைதிகளின் கடிதங்களைத்தான் பிரித்துப் பார்த்தார்கள். ஆக அம்மாவிடம் அவர் மறைத்தது அவராகவே மறைத்தது. ‘உங்களுக்கும் சௌக்கியம் உண்டாகட்டும், நான் நலம்’ என்பது அன்று எல்லாரும் தொடங்கிய வாசகம். நம் இன்லேண்டு கடிதங்களில் ‘நலம், நலமறிய ஆவல்’ எழுதினோமே, அது மாதிரி. அதை உடல்நிலை அறிக்கையாக எடுத்துக்கொள்ள முடியாது. வடக்குப் படையில் இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் நோயால் போனவர்கள். வயிற்றுப்போக்கு, டைபாய்டு போன்ற நோய்கள் குண்டைவிட அதிகம் கொன்றன. காய்ச்சல் என்றால் என்ன அர்த்தம் என்று அம்மாவுக்கும் தெரியும், மகனுக்கும் தெரியும். ஆகவே உடம்பைப் பற்றித் தம்பிக்கு எழுதியதை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு எழுதியதிலிருந்து அந்த மகன் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். கடிதங்களைத் தேதிவாரியாக மட்டும் அடுக்காமல், யாருக்கு எழுதியது என்றும் பிரித்து ஒரு பட்டியல் போடுங்கள். இந்த வேலையில் நான் மிக முக்கியமாக நினைப்பது அதைத்தான்.

கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததைப் பற்றி அவர் எழுதியதை நம்புங்கள்: கல் மாதிரியான பிஸ்கட், பேன், ஓட்டை ஷூ, சேறு, வராத சம்பளம். போர்க்களத்தின் மொத்தக் கணக்கை நம்பாதீர்கள். கருமருந்துப் புகையில் தன் கம்பெனிக்கு (அவர் இருந்த சிறு படைப்பிரிவு) அப்பால் அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. எதிரிகளில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள் என்பது பெரும்பாலும் முகாம் வதந்தி. அதற்கு அரசு வெளியிட்ட போர் ஆவணத் தொகுப்பு, மொத்தம் 128 புத்தகங்கள், இணையத்திலேயே கிடைக்கிறது.

இடையில் கையெழுத்து மாறினால் போலி என்று பதறாதீர்கள். காயம்பட்டவர்களுக்கும் எழுதத் தெரியாதவர்களுக்கும் மற்றவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். வாஷிங்டன் மருத்துவமனைகளில் கவிஞர் வால்ட் விட்மன் அப்படி எழுதிக் கொடுத்தவர். பெயர் பொருந்தாவிட்டாலும் அவசரப்பட வேண்டாம். 153-ஆவது நியூயார்க் ரெஜிமென்டில் (பல கம்பெனிகள் சேர்ந்த படைப்பிரிவு) லயன்ஸ் வேக்மன் என்ற பெயரில் சேர்ந்து, 1864-இல் நியூ ஆர்லியன்ஸ் மருத்துவமனையில் வயிற்று நோயால் இறந்த சிப்பாய் உண்மையில் சாரா ரொசெட்டா வேக்மன் என்ற பெண். பிற்காலத்தில் உலகத்துக்கு அது தெரியவந்தது, அவர் குடும்பம் காப்பாற்றி வைத்திருந்த கடிதங்களால்தான்.

சரிபார்க்க ரெஜிமென்ட் எண்ணும் கம்பெனி எழுத்தும் வேண்டும். கம்பெனிகள் ஏ முதல் கே வரை. நடுவில் ஜே கிடையாது. ‘ஜே’ என்று உங்களுக்குத் தெரிந்தால் அது ‘ஐ’தான். ஒஹாயோ அரசு தன் சிப்பாய்களின் பட்டியலைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டிருக்கிறது; அங்கிருந்து தொடங்கி, வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவருடைய சேவைப் பதிவையும் பென்ஷன் கோப்பையும் கேளுங்கள். பென்ஷன் கோப்பை விட்டுவிடாதீர்கள். 1862 சட்டப்படி, மகனை நம்பி வாழ்ந்த தாய் அவன் இறந்தால் பென்ஷன் கேட்கலாம். அவன் பணம் அனுப்பினான் என்று நிரூபிக்க அவன் எழுதிய கடிதங்களையே தாய்மார்கள் அரசிடம் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தவை திரும்பி வராமல் கோப்பிலேயே தங்கிவிட்டதுண்டு. இவர் வீடு திரும்பவில்லை என்றால், உங்கள் கடிதக்கட்டில் விடுபட்ட மாதங்களின் கடிதங்கள் அங்கே இருக்க வாய்ப்புண்டு.